கம்பளை மாமியின் கை

1

போலீஸ்காரர்கள் கதவைத் தட்டியபோது என் கையில் மாமியின் தலை இருந்தது. சட்டை முழுக்க இரத்தம். தலையைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறக்கலாம் என்ற யோசனை வரவில்லை. இத்தனை வருடம் மெல்பனில் தொழில் செய்து, இரண்டு இறைச்சிக் கடைகளை என் பேரில் நடத்தி, வரி ஆபீஸ்காரனையே உட்கார வைத்துத் தேநீர் குடிக்கவைத்து அனுப்பியவன் நான். போலீஸுக்குப் பயப்படுகிற ஆளா?

வந்தது ஒரு பெண்ணும் ஓர் ஆணும். பெண் ஓர் அடி பின்னால் போய், தலையைக் காட்டி, அது என்ன என்று கேட்டாள்.

"மதர் இன் லோ," என்றேன். "நோ ப்ரொப்ளம். டுடே ஃபினிஷ்."

மிச்சம் எங்கே என்று ஆண் கேட்டான்.

"ஃப்ரிட்ஜ்."

அதுவும் உண்மைதான். மாமியின் மூளைக்காக என் மனைவி ஹலீமா தேங்காய்ப்பாலும் முட்டையும் அடித்து அவித்த வட்டிலப்பம் ஃப்ரிட்ஜில் இருந்தது. எனக்கு இங்கிலீஷ் வராது என்று யாரும் சொல்ல முடியாது. நான் பேசினால் எதிரில் நிற்கிறவன் உடனே ஏதாவது செய்யத் தொடங்குவான். அந்த ஆண் கையை இடுப்புக்குக் கொண்டுபோனான்.

நல்ல வேளை, என் மகள் நஸ்ரின் கராஜுக்குள்ளிருந்து ஓடிவந்தாள். தலை ரப்பர், இரத்தம் சாயம் கலந்த பாகு, நாங்கள் படம் எடுக்கிறோம் என்று விளக்கினாள். பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் கொடியில் சிவப்புக் கறையோடு காய்ந்த படுக்கை விரிப்புகளைப் பார்த்துவிட்டு போன் எடுத்திருக்கிறார். பிறகு பெயர், பிறந்த திகதி, கராஜில் வியாபாரம் நடக்கிறதா, நகரசபை அனுமதி உண்டா என்று ஒரு சுற்றுக் கேள்வி. இந்த நாட்டில் கொலை செய்தாலும் விடுவார்கள், அனுமதி இல்லாமல் செய்தால் விடமாட்டார்கள். எல்லாம் முடிந்ததும் அந்தப் பெண் போலீஸ் மாமியின் தலையைக் கையில் வாங்கி ஒரு படம் எடுத்துக்கொண்டு போனாள்.

இலங்கையில், என் ஊர் கம்பளையில் இதை வாசிக்கிறவர்கள், எனக்கு, உங்கள் டெக் நானாவுக்கு, வயது போய் மண்டை கலங்கிவிட்டது என்று பேசிக்கொள்வீர்கள். பேசுங்கள். ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுப் பேசுங்கள். அந்தச் சனிக்கிழமை என் வீட்டில் நடந்ததை நான் உயிரோடு இருக்கும்வரை மறக்கமாட்டேன்.

2

நஸ்ரின் எங்களுக்கு ஒரே பிள்ளை. இங்கே வந்த பிறகு, இனி இல்லை என்று டொக்டர்மார் கைவிரித்த பிறகு கிடைத்தவள். படித்தாள். இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் நல்ல வேலை. டவுனில் தனியாக ஒரு ஃப்ளாட் எடுத்துக்கொண்டு போனாள். அதில் எனக்குக் கோபம் இல்லை. நானும் பதினைந்து வயதில் வீட்டை விட்டுக் கிளம்பியவன்தான்.

வருத்தம் வேறு. அவள் வருவாள், ஸலாம் சொல்வாள், உம்மாவைக் கட்டிப்பிடிப்பாள். மேசையில் நெய்ச்சோறும் கோழிப் பொரியலும் ஆவி பறந்துகொண்டிருக்கும்.

"சாப்பிட்டுத்தான் வந்த உம்மா."

"கொஞ்சம் போல."

"வயிறு ஃபுல் உம்மா. ப்ளேன் டீ மட்டும்."

டீ குடித்துவிட்டுப் போய்விடுவாள். ஹலீமா டப்பாவில் கட்டிக் கொடுத்தால் அந்த டப்பா சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில் மறந்துபோய் இருக்கும். ஹலீமா அதை எடுத்துத் திரும்ப ஃப்ரிட்ஜில் வைப்பாள். சண்டை என்றால் சமாதானம் பண்ணலாம். சண்டையே இல்லாத இடத்தில் என்னத்தைப் பண்ணுவது? கடையில் ஒரு முழு மாட்டை அரை மணி நேரத்தில் பிரித்து அடுக்குகிற எனக்கு, என் பிள்ளை என் வீட்டில் ஒரு வாய் சாப்பிட என்ன செய்ய வேண்டும் என்று தெரியவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் போன் வந்தது.

"வாப்பா, கராஜ் வேணும். சட்டர்டே சட்டர்டே."

என்னத்துக்கு என்று கேட்பதற்கு முன்பே சரி என்றேன்.

3

அவளுடைய கூட்டாளிகள் ஐந்தாறு பேர் வந்தார்கள். எல்லாரும் வாரநாளில் கழுத்துப்பட்டி கட்டி வேலைக்குப் போகிறவர்கள். சனிக்கிழமையானால் கை வெட்டுகிறார்கள், குடல் உருவுகிறார்கள், கண்ணைத் தோண்டுகிறார்கள். எல்லாம் ரப்பர், ஸ்பொஞ்சு, பழைய காலுறை. செலவில்லாமல், இரத்தத்தை வாளி வாளியாக வாரி ஊற்றி, பயமும் சிரிப்புமாக எடுக்கிற படங்கள். இதற்கென்றே ஒரு கூட்டம் உண்டு. அவர்கள் சின்ன மண்டபங்களில் கூடி ஒருவர் எடுத்ததை மற்றவருக்குப் போட்டுக் காட்டிக் கைதட்டுகிறார்கள்.

ஜோஷ் என்று நெட்டைப் பையன் ஒருவன்தான் கதாநாயகன். கணக்காளர். அவன் என்னிடம் வந்து மரியாதையாக, கடையில் நிஜ இரத்தம் கிடைக்குமா அங்கிள் என்று கேட்டான்.

"இரத்தம் நஜீஸ் மகன்," என்றேன். "கடையிலயே கழுவி ஊத்துற சாமான். வீட்டுக்குள்ள வராது."

நஸ்ரின் அதை இங்கிலீஷில் சொன்னாள். அசுத்தம் என்று இரத்தத்தைத் தொடாத ஒரு வீட்டில் இரத்தப் படம் எடுக்கிறோம் என்று அவர்களுக்கு ஒரே சந்தோஷம்.

அவர்கள் வைத்திருந்த இரத்தம் ரோஸ் கலர் ஷர்பத் மாதிரி இருந்தது. பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? தெல்தெனியாவிலிருந்து என் தங்கச்சி மகன் கொண்டுவந்த கித்துள் பாணி, அதாவது கித்துள் மரத்துப் பாகு, ஒரு போத்தல் அலுமாரியில் இருந்தது. விமான நிலையத்தில் அதிகாரிகள் அந்தப் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மரத்திலிருந்து எடுத்ததா, விதை இருக்கிறதா, உயிர் இருக்கிறதா என்று கேட்டு அவனை ஒரு மணி நேரம் நிற்க வைத்தார்களாம். அந்தப் பாணியில் சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தேன். ஆகா, என்ன நிறம். காயம்பட்டு நேரமான இரத்தம் அப்படியே.

"பெருநாளைக்கு ஊத்த வெச்ச பாணி," என்றாள் ஹலீமா. "அத வெள்ளக்காரப் பொடியன்ட தலையில ஊத்துறீங்க."

"கலைக்காக."

"கலைக்கு எறும்பு வரும்."

எறும்பு வரவில்லை. குளவி வந்தது. ஜோஷ் கராஜைச் சுற்றி ஓடிய ஓட்டத்தைப் படம் பிடித்து அதையும் படத்தில் சேர்த்துவிட்டார்கள். மிக இயல்பான நடிப்பு என்று எல்லாரும் சொன்னார்கள். பாணி இல்லாவிட்டால் அந்த நடிப்பு வந்திருக்காது என்பதை நான் எடுத்துச் சொன்னேன்.

கதை என்னவென்று நான் கேட்கவில்லை. கேட்டால் எல்லாரும் ஒரே நேரத்தில் இங்கிலீஷில் சொல்வார்கள். ஒரு கிழவியின் தலை இருந்தது, வெட்டுப்பட்ட கை இருந்தது. எனக்கு அது போதும்.

4

இனி நான் டெக் நானா ஆன கதை; நானா என்றால் எங்களில் அண்ணன். கம்பளை ஸ்டேஷன் ரோட்டில் ஒரு தேநீர்க் கடைக்குப் பின்னால் இருந்த அறையை எடுத்து, ஒரு டீவியும் வீடியோ கசெட் போடுகிற ஒரு டெக்கும் வைத்துப் படம் காட்டினேன். சவூதியிலிருந்து வந்த ஒருவர் பை நிறையக் கசெட் கொடுத்தார். எல்லாம் இங்கிலீஷ். கீழே எழுத்துக்கூடக் கிடையாது. தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வருகிறவர்கள், கடைப் பொடியன்மார், சிங்கள லொறிக்காரர்கள் எல்லாரும் ஒரே பாயில். யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனால் எனக்குத் தெரியாது என்பது அவர்களுக்குத் தெரியாதே.

டீவிக்குப் பக்கத்தில் ஒரு பிரம்போடு நின்று கதை சொல்வேன். தமிழில் ஒருமுறை, சிங்களத்தில் ஒருமுறை. மூளை ஓடுகிறவனுக்குப் படத்தைப் பார்த்தால் கதை விளங்காதா? விளங்கிற்று என்றே நாற்பது வருடமாகச் சொல்லிவந்தேன்.

அந்தக் கசெட்டுகளில் ஒன்றுதான் கை படம். ஒரு வெள்ளைக்காரனும் ஒரு பெண்ணும் பழைய வீடு ஒன்றுக்கு வருகிறார்கள். மஞ்சள் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீளுகிறது. கை மட்டும்தான். அதைக் கண்ட உடனேயே எனக்குக் கதை பிடிபட்டுவிட்டது.

எங்கள் பக்கத்தில் அந்தக் காலம் புது மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்தால் மாமி முகம் காட்டமாட்டார். திரைக்குப் பின்னால் நின்று தட்டம் தட்டமாக அனுப்புவார். போதும் என்றால் இன்னொரு அகப்பை விழும். கல்யாணம் கட்டிய புதிதில் ஹலீமாவின் உம்மாவை நான் பார்த்ததே இல்லை. வளையல் போட்ட அந்தக் கையை மட்டும்தான் தெரியும். கடைத்தெருவில் ஒரு நூறு பெண்களுக்கு நடுவிலும் அந்தக் கையை அடையாளம் சொல்லியிருப்பேன்.

ஆகவே பிரம்பால் டீவியைத் தட்டிச் சொன்னேன்: "இது மாமிட கை. மருமகனுக்கு விருந்து வைக்க முந்தி மௌத்தாகிட்டா. பசியோட வந்த மாப்பிள்ளைய வெறும் வயித்தோட அனுப்பினா குடும்பத்துக்கு வெக்கம். அதான் மண்ணுக்குள்ள இருந்து எழும்பி வாறா."

பிறகு எல்லாம் ஒழுங்காகப் பொருந்தியது. அவன் ஓடுகிறான், கை துரத்துகிறது. வெட்டுகிறான், துண்டும் துரத்துகிறது. தலை தனியாக உருண்டுவந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. "சோறு ஆறுது மருமகன், சோறு ஆறுது" என்று நான் கத்துவேன். பாயில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுவார்கள். கசெட்டின் கடைசிப் பகுதியை டெக் மென்றுவிட்டது. அதனால் முடிவை நானே சொல்வேன். மருமகன் களைத்துப்போய் வாயைத் திறக்கிறான். கை ஒரு கவளம் வைக்கிறது. மாமி நிம்மதியாகப் போய்ச் சேருகிறாள்.

இப்படிப்பட்ட படத்தில் என்ன இருக்கிறது என்று படித்தவர்கள் கேட்பார்கள். நான் சொல்கிறேன். அந்த வருடங்களில், கிளர்ச்சியும் அடக்குமுறையுமாக, எங்கள் மகாவலி ஆற்றில் பிணம் மிதந்தது. ஊரடங்கு என்பதால் நான் பகலில் மட்டும்தான் படம் போட்டேன். காலையில் பாலத்துக்குப் பக்கத்தில் எதையாவது பார்த்துவிட்டு, வாய் பேசாமல் வந்து உட்காருவார்கள். பெரிய செலவில் எடுத்த சண்டைப் படத்தைப் போட்டால் எழுந்து போய்விடுவார்கள், இரத்தம் நிஜம் மாதிரி இருக்கும். இதில் இரத்தம் குழாயில் வருகிறது, குழாயும் தெரிகிறது. கையை இழுக்கிற நூல் தெரிகிறது. வெட்டுப்பட்டவன் மூச்சு விடுவது தெரிகிறது. பார்க்கிறவனுக்கு நெஞ்சு லேசாகிவிடும். யாரோ நாலு கூட்டாளிகள் காசில்லாமல், நம்மைச் சிரிக்க வைக்கவே மெனக்கெட்டிருக்கிறார்கள் என்று தெரியும். தையல் தெரிகிற சட்டையில் தைத்தவன் கை தெரியும். இதைக் கண்டுபிடிக்கப் பள்ளிக்கூடம் தேவையில்லை.

5

கராஜில் ஒரு சனிக்கிழமை பெரிய தடங்கல். ஒரு மேசையில் ஓட்டை போட்டு, ஒருவர் கீழே படுத்துக் கையை மேலே நீட்ட வேண்டும். அந்தக் கை தட்டத்திலிருந்து சோற்றைக் கவளமாக உருட்டி நீட்ட வேண்டும். கூட்டாளிமார் ஒவ்வொருவராகப் படுத்துப் பார்த்தார்கள். ஒருவன் சோற்றைக் களிமண் மாதிரிப் பிடித்தான். ஒருத்தியின் விரலிடுக்கில் எல்லாம் கொட்டியது. நஸ்ரின் தானே படுத்துப் பார்த்தாள், அவளுக்கும் வரவில்லை. சோறு மேசையெல்லாம் சிந்திக் கிடந்தது.

ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்த ஹலீமாவுக்குத்தான் தாங்கவில்லை.

"தள்ளுங்க. சோத்த இப்பிடியா பிசையிற?"

போனாள், படுத்தாள், கையை நீட்டினாள். அவள் கைக்குச் சாம்பல் பூசி, மணிக்கட்டைச் சுற்றிக் கிழிந்த தோல் ஒட்டினார்கள். கண் தெரியாமலேயே அந்தக் கை தட்டத்தைத் தேடி, குழம்பைத் தொட்டு, நாலு விரலால் ஒன்றுசேர்த்து, பெருவிரலால் தள்ளத் தயாராக ஒரு கவளம் பிடித்தது. ஒரு பருக்கை சிந்தவில்லை.

சோற்றைக் கண்டதும்தான் எனக்குப் பொறி தட்டியது.

"மகள், இது நான் கம்பளையில காட்டின படம்," என்றேன். "களவு எடுத்திட்டீங்களா? கேஸ் போடுவாங்க."

நஸ்ரின் சிரித்தாள். சின்ன வயதில் அவள் சாப்பிட அடம்பிடிப்பாள். அப்போது என் கை மேசையில் விரலால் நடந்து நடந்து வரும். மாமிட கை வருது, ஓடுங்க, ஓடுங்க என்பேன். அவள் அலறிச் சிரிக்கும்போது வாயில் கவளம் போய்விடும். அது அவளுக்கு மறக்கவில்லை. பெரியவளானதும் அந்தப் படத்தைத் தேடியிருக்கிறாள். மஞ்சள் திரை, பழைய வீடு, கை. கிடைத்தும்விட்டது. மடிக்கணினியைத் திறந்து எனக்குக் காட்டினாள். வசனத்தைத் தமிழில் சொல்லிச் சொல்லிக் காட்டினாள்.

மாமி இல்லை. மருமகனும் இல்லை. அவர்கள் வீடு பார்க்க வந்த யாரோ அண்ணனும் தங்கையும். கை ஒரு சூனியக்காரியுடையது. அது சோறு கொண்டு வரவில்லை, கழுத்தைப் பிடிக்க வருகிறது. தலை வாயைத் திறந்து திறந்து மூடியது சாபம் போட. கடைசியில் அவனைக் கொன்றும்விடுகிறது.

"இது வேற படம்," என்றேன்.

"அதே படம் வாப்பா."

நான் வீட்டுக்குள் போய்விட்டேன். அன்று பின்னேரம் கம்பளைக்கு போன் போட்டேன். செல்வராஜ் நகரசபையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். அந்தக் காலத்தில் என் அறைக் கதவில் நின்று ஆட்களை உள்ளே விட்டவன்.

"செல்வராஜ், அந்தக் கை படம் ஞாபகம் இருக்கா? அதுல கை என்னத்துக்கு வந்திச்சி?"

"என்னங்க நானா இப்படிக் கேக்குறீங்க? மாமியாரு மருமகனுக்குச் சோறு ஊட்டத்தானே வந்துச்சு. நான் அஞ்சாறு வாட்டி பாத்திருக்கேன்."

"சோத்த நீ கண்ணால கண்டியா?"

"கண்டேனுங்க. கறிகூடத் தெரிஞ்சிச்சே. ஆட்டுக்கறி."

மனம் குளிர்ந்துவிட்டது. மறு சனிக்கிழமை நஸ்ரினிடம் சொன்னேன்: சாட்சி இருக்கிறது, கம்பளையில் ஓடியது வேறு படம்தான்.

அவள் மாமியின் தலைக்குப் பசை தடவிக்கொண்டே சொன்னாள், "தெரியும் வாப்பா. அந்தப் படத்த எல்லா எடத்துலயும் தேடிட்டேன். எங்கயும் இல்ல. ஒங்கட வாயில மட்டும்தான் இரிக்கி. அதான் நான் எடுக்கிறேன்."

தலையைக் கொஞ்சம் நேராகப் பிடி, பசை வழிகிறது என்று மட்டும் சொன்னேன்.

6

போலீஸ் வந்தது கடைசிச் சனிக்கிழமை. அவர்கள் போன பிறகு முடிவுக் காட்சியை எடுத்தார்கள். அன்றோடு படம் முடிகிறது. படம் முடிந்தால் கராஜ் தேவையில்லை, சனிக்கிழமையும் தேவையில்லை. ஹலீமா காலையில் எழும்பி, படத்துக்கு வெறும் சோறு போதும் என்று எல்லாரும் சொல்லியும் கேட்காமல், நெய்ச்சோறு ஆக்கி ஆட்டிறைச்சிக் கறியும் வைத்தாள். செல்வராஜின் சாட்சியத்தை அவளிடம் நான் சொல்லியிருந்தேன்.

ஹலீமா மேசைக்குக் கீழே படுத்தாள். என் வேலை பக்கத்தில் நின்று பாணி இரத்தத்தைத் தெளிப்பது. நஸ்ரின் கமெராவுக்குப் பின்னால். ஜோஷ் உடம்பெல்லாம் இரத்தத்தோடு, சுவரில் சாய்ந்து, களைத்துப்போய் வாயைத் திறந்தான். கை தட்டத்தைத் தேடியது, கவளம் பிடித்தது, மெதுவாக உயர்ந்து அவன் வாயில் வைத்தது. அவன் மென்றான். கண்ணை மூடினான். நல்ல நடிகன், ஆனால் அந்த இடத்தில் நடித்தான் என்று நான் நினைக்கவில்லை. ஹலீமாவின் ஆட்டுக்கறி அப்படி.

அதோடு கை தளர்ந்து விழ வேண்டும். மாமி போய்ச் சேர வேண்டும். ஆனால் கீழே படுத்திருக்கிற ஹலீமாவுக்கு ஒன்றும் தெரியாது. அவளுடைய கை, சாப்பாடு கொடுத்துப் பழகிய கை, ஒரு கவளத்தோடு நிறுத்தத் தெரியாத கை, திரும்பத் தட்டத்துக்குப் போய் இரண்டாவது கவளத்தைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டது. ஜோஷின் வாய் நிறைய இருந்தது. அவன் தலையை ஆட்டினான். கை அதைப் பார்க்குமா? காற்றில் நீட்டியபடி நின்றது. சாம்பல் பூசி, தோல் கிழிந்து, இரத்தம் சொட்டிக்கொண்டு, கவளம் சிந்தாமல் காத்துக்கொண்டு நின்றது.

நஸ்ரின் நிறுத்து என்று சொல்வாள் என்று எல்லாரும் பார்த்தார்கள். அவள் சொல்லவில்லை. கமெராவை அப்படியே ஓட விட்டுவிட்டு முன்னால் வந்தாள். மேசைக்கு முன் முழங்காலில் உட்கார்ந்தாள். சின்ன வயதில் திறக்கிற மாதிரியே வாயை அகலத் திறந்து அந்தக் கவளத்தை வாங்கிக்கொண்டாள்.

கை அசையாமல் நின்றது. விரல் நுனி அவள் உதட்டைத் தொட்டுப் பார்த்தது.

மேசைக்குக் கீழிருந்து குரல் வந்தது. "நஸ்ரினா?"

வாய் நிறையச் சோறு. "ம்."

பிறகு கை திரும்பித் தட்டத்துக்குப் போனது. இந்த முறை கறித்துண்டைத் தேடி எடுத்து, எலும்பை நீக்கி, பெரிய கவளமாகப் பிடித்தது.

"உம்மா, உப்பு கொறவு," என்றாள் நஸ்ரின்.

"பேசாம தின்னுங்க."

தட்டம் காலியாகும்வரை அது நடந்தது. இரத்தம் தெளிக்க வேண்டிய நான் தெளிக்க மறந்து, போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். மாற்றிப் போட்ட சட்டையும் கெட்டுப்போயிற்று.

சின்ன மண்டபம் ஒன்றில் படத்தைப் போட்டபோது அந்தக் காட்சியை முழுவதுமாக வைத்திருந்தாள். படம் எடுத்த பெண்ணையே பேயின் கை விடாமல் ஊட்டுகிறது என்று வெள்ளைக்காரப் பிள்ளைகள் கதிரையிலிருந்து விழுந்து சிரித்தார்கள். கம்பளையில் பாயில் உருண்ட அதே சிரிப்பு. பக்கத்தில் இருந்த ஹலீமா தன் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். இத்தனை பேர் பார்த்துவிட்டார்களே என்று.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த முடிவை நான் கம்பளையில், டெக் மென்ற கசெட்டை வைத்துக்கொண்டு, அப்போதே சொல்லிவிட்டேன். வாயைத் திறந்தால் முடிந்துவிடும் என்று. செல்வராஜைக் கேட்டுப் பாருங்கள்.